பின்னந்தலையில் மட்டும் பிரவுன்

பேகம்பேட்,
டிசம்பர் 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். அப்பாவின் மூட்டுவலி தேவலையா?

குளிர்காலத்துக்கென்று ஆபீஸில் ஆளாளுக்குத் தலையில் காப்பர், பர்கண்டி என்று கலர் அடிக்கிறார்கள். நம் வீட்டுப் பழுப்பு முடிக்குச் சாக்லேட் பிரவுன்தான் எடுக்கும் என்று பக்கத்து சீட் ரோகிணி என்னைப் பார்லருக்கு இழுத்துப்போனாள். முன்பு டை போட்டதுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நீ அனுப்பும் மருதாணி, அவுரிப் பொடியை நாம் என்றைக்கு டை என்று சொன்னோம்? குளுமைக்குத்தானே பூசுகிறோம்! ப்ளீச் வைத்துக் கலர் போட்டுக் கழுவினால், முன்முடியெல்லாம் பாசிப்பச்சை! அவுரியும் டைதானாம், ப்ளீச் பட்டால் பச்சையாகுமாம்; சொல்லாமல் விட்டேனென்று பார்லர்காரி என்னையே திட்டுகிறாள். எரிச்சலாக வருகிறது.

தலையில் கட்ட உன் பழைய ஸ்கார்ஃபை அனுப்பு. பொடி வேண்டாம்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. பின்னந்தலையில் மட்டும் பிரவுன் அழகாகப் பிடித்திருக்கிறது. அங்கே பொடி படவே இல்லை. தனியாகப் பூசிக்கொண்டால் எனக்குக் கை எட்டுவதில்லை, அம்மா.

உன்
மங்கை