பாதியில் நின்ற ஜெபம்

ஸீலாந்து,
நவம்பர் கடைசி, 1956

அன்பு மகள் மீனாவுக்கும் மாப்பிள்ளை பிராமுக்கும், நான் இன்னும் முகம் பார்க்காத பேத்திக்கும் அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தம்பி யோப்பும் நானும் உயிரோடு இருக்கிறோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அந்தக் கனடாக் குளிரில் உங்களையும் அவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. சுகம் என்று எழுதாமல் உயிரோடு என்று எழுதியிருக்கிறாளே என்று யோசிப்பாய். காரணத்தோடுதான் எழுதினேன். உன் பிரசவம் முடியட்டும் என்று இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், இப்போது தாயும் பிள்ளையும் நலம் என்று உன் கடிதம் வந்துவிட்டது, இனி மறைக்க முடியாது. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து க்ரெய்னை நீ மறந்திருக்க மாட்டாய், தேவாலயத்தில் அப்பாவுக்கு முன்பெஞ்சில் தடித்த கழுத்தோடு உட்கார்ந்திருப்பானே, அவன்தான். அவனுடைய கறுப்பு நாய் அக்டோபரில் கட்டை அறுத்துக்கொண்டு வந்து நம் ஆடுகளில் விழுந்துவிட்டது. அப்பா போய்ப் பார்க்கும்போது மூன்று ஆடு கழுத்து கிழிந்து கிடந்தது, நாலாவது ஆட்டின் குடலை அது இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா கையில் மண்வெட்டி இருந்தது, ஒரே போடு, நாயின் மண்டை பிளந்துவிட்டது. செத்த நாயைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் க்ரெய்ன் வாசலில் வைத்துவிட்டு, உன் நாயைக் கட்டிப்போடத் தெரியாதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தார். அவனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அந்த நாய்தான் பிள்ளை. மறுநாள் காலை அப்பா பால் கறந்துவிட்டு வெளியே வரும்போது, கிழங்கு தோண்டும் இரும்புக் கவையோடு நம் முற்றத்தில் நின்றான். நான் சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கவையின் பிடியால் தாடையில் அடித்திருக்கிறான், விழுந்த மனுஷனை மரச்செருப்புக் காலால் முகத்திலேயே மிதித்திருக்கிறான். பால் வாளி கவிழ்ந்து, பாலும் இரத்தமும் கல்லிடுக்குகளில் ஒன்றாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது அவருடைய பற்கள் என் பாவாடையில் உதிர்ந்தன. இடது கண் போய்விட்டது மகளே, அதை உனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள், கூழும் பாலும் மட்டும் குழல் வழியாக. போலீஸ்காரர் க்ரெய்னைக் கொண்டுபோனார், வசந்தத்தில் வழக்கு என்று சொல்லித் திரும்ப அனுப்பிவிட்டார்கள், அவன் வீட்டுப் புகை தினமும் நம் சமையலறை ஜன்னலில் தெரிந்தது.

நம் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் வேதம் வாசிக்காமல் யாரும் நாற்காலியை நகர்த்தியதில்லை என்பது உனக்குத் தெரியும், வாசிப்பது எப்போதும் அப்பா. இப்போது அவர் வாய் திறக்க வழியில்லை. யோப் பக்கம் புத்தகத்தைத் தள்ளினார், அவன் தொடவில்லை. "அவன் கையை முறிச்சிட்டு வந்து வாசிக்கிறேன், இப்ப எனக்கு எழுத்து தெரியலப்பா" என்றான். அதனால் என் முன்னால் வந்தது. வரிசையாக வாசிக்கிற வழக்கப்படி நாங்கள் நியாயாதிபதிகளின் புத்தகத்தில் இருந்தோம், யாகேல் என்ற பெண் தன் கூடாரத்தில் தூங்குகிற எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் நெற்றிப்பொட்டில் கூடார முளையை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குகிற இடம். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை தடவை அதைக் கேட்டிருப்பேன், கை சாமான் கழுவுவதையே நினைத்துக்கொண்டிருக்கும், காதில் விழாது. அன்றைக்கு நானே வாய்விட்டு வாசித்தபோது அந்தச் சுத்தியலின் கனம் என் தோளில் தெரிந்தது. இனித்தது மீனா. அந்த இடத்தை இரண்டாம் தடவையும் வாசித்தேன். யோப் சிரித்தான், "இன்னொரு தடவம்மா" என்றான். அப்பா கரண்டியால் மேசையில் ஓங்கித் தட்டினார், நான் நிறுத்தவில்லை. பிறகு ஜெபமும் நான்தான் செய்ய வேண்டியிருந்தது, பிறர் கேட்க நான் ஜெபித்ததே இல்லை, என்ன சொல்வது என்று தெரியாமல் கண்ணை மூடினேன், மூடியதும் தானாக வந்தது. ஆண்டவரே என் புருஷனின் பற்களை உடைத்தவன் பற்களை உடையும், அவன் கண்ணையும் எடும், அவன் வாசலில் இரத்தம் ஓடட்டும் என்று கேட்டேன். வேதத்தில் சங்கீதக்காரன் தன் எதிரிகளுக்குக் கேட்காததையா கேட்டுவிட்டேன் என்று எனக்குள் ஒரு சமாதானமும் இருந்தது. யோப் உரக்க ஆமென் சொன்னான். அப்பாவின் ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, வலியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதையே கேட்டேன், நாளுக்கு நாள் நன்றாகவே ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம், திங்களன்று பன்றி அறுக்க வேண்டும், கத்தியைத் தீட்டி வைக்கலாம் என்று தொழுவத்துக்குப் போனால் ஆணியில் கத்தி இல்லை. யோப்பும் இல்லை. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாய்க்கால் பலகைமேல் ஓடினேன், ஒரு மரச்செருப்பு தண்ணீரில் போய்விட்டது, அப்படியே ஓடினேன். க்ரெய்னின் முற்றத்தில், எருக்குழிக்குப் பக்கத்தில், சேற்றில் மல்லாந்து கிடந்தான் அவன். யோப் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றியிருந்தான், கத்தி ஒரு தடவை தோளில் இறங்கி ஏறியிருந்தது, குளிரில் அந்த இரத்தம் ஆவி விட்டது. க்ரெய்னின் பெண்டாட்டி லேனா கதவோரம் முஷ்டியை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். உனக்குப் பொய் எழுத மாட்டேன் மகளே, ஒரு மூச்சு நேரம் நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கேட்டதுதானே நடந்துகொண்டிருந்தது, வாசலில் இரத்தம் என்று அந்த வார்த்தைகளாலேயே கேட்டிருந்தேனே.

க்ரெய்ன் உதவிக்குக் கூப்பிடவில்லை, கெஞ்சவும் இல்லை, பரமபிதா ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான், கூழ் ஆறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று நாமெல்லாம் வேகவேகமாகச் சொல்வோமே, அதே வேகத்தில். அன்றன்றைய அப்பத்தைக் கேட்கிற இடம் வரைக்கும் ஓடிவந்து, அடுத்த வரியில் நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை. யோப் கத்தியை அவன் தொண்டையில் வைத்துக்கொண்டு, "சொல்றா, மிச்சத்தையும் சொல்லு, ஏன் நின்னுட்ட" என்றான். க்ரெய்ன் என்னைப் பார்த்தான். அவனால் அந்த வரியைச் சொல்ல முடியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது அடுத்த வரி என் வாயிலிருந்து வந்தது, எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் என்று. நான் நினைத்துச் சொல்லவில்லை மீனா, ஒருவர் விட்டால் மற்றவர் எடுத்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, அதுவாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. யோப் தலையைத் திருப்பி, "அம்மா, நீ யாரு பக்கம்" என்று கேட்டான். அவன் கையை ஓங்கினான், நான் அந்தக் கத்தியைக் கூர்ப்பக்கமாகவே பிடித்துவிட்டேன். பன்றி அறுக்கிற கத்தி, எலும்பு வரைக்கும் போயிற்று. என் இரத்தம் க்ரெய்னின் முகத்தில் சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் யோப்பின் பிடி தளர்ந்தது, சேற்றில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதான். லேனாதான் ஓடிவந்து தன் மேலங்கியைக் கிழித்து முதலில் என் கையைக் கட்டினாள், பிறகுதான் புருஷன் தோளை.

அன்று சாயங்காலமே போலீஸ்காரர் வந்தார். க்ரெய்ன் அவரிடம், கிழங்கு நறுக்கும்போது கத்தி வழுக்கித் தோளில் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அவர் என் கைக் கட்டைப் பார்த்து, "அதே கத்தி வாய்க்காலைத் தாண்டி இதுவரைக்கும் வழுக்கிச்சாக்கும்" என்று கேட்டார். நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது, இந்தக் கடிதத்தின் எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

போன வாரம் அப்பாவின் தாடைக் கம்பியை எடுத்தார்கள். பேச்சு குழறுகிறது, ஆனாலும் புரிகிறது. வந்ததும் வராததுமாக என்னிடம், "அன்னிக்கு நீ சாபம் விட்டு ஜெபிச்சப்ப நானும் மனசுக்குள்ள ஆமென்தான் சொன்னேன் பீட்டர்னெலா, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார். எனக்கு வந்த அழுகையை அடக்கிக்கொண்டு அடுப்பைக் கிளறினேன். மறுநாள் யோப்பைக் கூப்பிட்டு, க்ரெய்னின் கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது, உறைபனி வந்துவிடும், குதிரையைப் பூட்டிக்கொண்டு போய்த் தோண்டிக் கொடு என்றார். யோப், "அவன் வயல்ல நானா, நாடே சிரிக்கும்" என்று கத்தினான். "சிரிக்கட்டும், கிழங்கு என்ன பாவம் பண்ணுச்சு" என்றார். திட்டிக்கொண்டேதான் போனான், ஆனால் முழு வயலையும் தோண்டிவிட்டான். க்ரெய்ன் தூளியில் கட்டிய கையோடு வரப்பில் நின்று பார்த்தான்.

நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தினமும் அந்த வரி வரும்போது எனக்கும் நாக்கு நின்றுவிடுகிறது, அப்பாவும் யோப்பும் கூழை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், சில நாள் சொல்கிறேன், சில நாள் முடிவதில்லை. ஆனால் முன்பு போல் உருட்டிவிட்டுப் போக முடியவில்லை. உன் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும்போது நீயும் மெதுவாகவே சொல்லிக்கொடு, எங்கேயாவது நாக்கு நின்றால் நிற்கட்டும், தாண்டிப் போகாதே.

நேற்று திருவிருந்து ஞாயிறு, பகையை மனதில் வைத்துக்கொண்டு அப்பத்தையும் ரசத்தையும் தொடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். போதகர் அழைத்தபோது அப்பா எழுந்து போனார், கடிக்க முடியாமல் அப்பத்தை நாக்கிலேயே ஊறவைத்து விழுங்கினார். ஆண்கள் பக்கம் க்ரெய்ன் எழவில்லை, பெண்கள் பக்கம் நான் எழவில்லை. ஊர் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. லேனா போகலாம், அவள் யாரையும் அடிக்கவில்லை, ஆனால் அவளும் போகாமல் பெஞ்சோரமாக நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து நீட்டினாள். கட்டுப்போட்ட கையால்தான் வாங்கினேன், வாயில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பெயர் மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது மகளே. துப்பவில்லை, அவ்வளவுதான்.

கர்த்தர் உன் வீட்டையும் மாப்பிள்ளையின் கையின் வேலையையும் குழந்தையின் ஒவ்வொரு மூச்சையும் ஆசீர்வதிப்பாராக. குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு, அங்கே காற்று பொல்லாதது. யோப்புக்கு நீ தனியாக நாலு வரி எழுது, நடந்ததைப் பற்றி ஒன்றும் கேட்காதே, அவன் சரியாகத் தூங்குவதில்லை.

உன்னை நினைக்காமல் ஒரு சாப்பாடும் சாப்பிடாத அம்மா,
பீட்டர்னெலா