அம்மா கேட்ட கடற்பாசி சூப்

டொங்யோங், வெள்ளிக்கிழமை

அன்புள்ள நாரே,

நீயும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அம்மாவின் வயிற்றுக் கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் இல்லை என்று ஆய்வகம் உறுதிசெய்துவிட்டதாக இன்று காலை டாக்டர் பே சொன்னார். மரபணுக் கோளாறைத் தேடிய இரண்டாவது சோதனையிலும் ஒன்றும் இல்லை. இல்லை என்பது நல்ல செய்தி போலத் தோன்றும், அப்படியில்லை. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் அதைக் குறிவைக்கும் மருந்தைச் சேர்த்திருப்பார்கள். புற்று இரைப்பையைத் தாண்டி வயிற்றறையைச் சுற்றியுள்ள சவ்வுவரை பரவிவிட்டதால் அறுவை சிகிச்சைக்கும் வழியில்லை. போனில் சொன்னால் அடுத்த அறையில் அம்மாவுக்குக் கேட்கும் என்றுதான் மின்னஞ்சலில் எழுதுகிறேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் பிறந்தநாள். பல வாரங்களாக எதையும் வாயில் வைக்காதவள் அன்று, பிறந்தநாளென்றால் வழக்கமாக வைக்கும் கடற்பாசி சூப்பைத் தானாகவே கேட்டாள். நான் அடுப்பில் வைத்தேன். கொதிக்கும்போது உன் ஒக்பூன் சித்தி வந்துவிட்டாள். "ரிசல்ட் வர்ற வாரத்துல யாராவது இதை வைப்பாங்களா அத்தான்? பரீட்சைக்குப் போற புள்ளைக்கே குடுக்க மாட்டோம், பாசி மாதிரி எல்லாம் வழுக்கிடும்!" என்று கத்தி, பானையோடு தொட்டியில் கொட்டினாள். நான் தடுக்கவில்லை, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அறைக்குள்ளிருந்து அம்மா, "பரீட்சை எழுதுறது நானாடி? என் வயித்துலேர்ந்து வெட்டிட்டுப் போனாங்களே, அந்தச் சதை. அது பாஸாகட்டும், எனக்குச் சூப்பு ஊத்து" என்றாள். மூவரும் சிரித்தோம். திரும்பக் கடைக்குப் போய் வாங்கிவந்து வைத்துக் கொடுப்பதற்குள் அவளுக்குக் குமட்டல் வந்துவிட்டது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. அதன்பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. சித்தி தினமும் வந்து கிண்ணத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாதான் அவளைத் தேற்றுகிறாள்.

நீ இரவில் வெறும் ராமியோன் நூடுல்ஸோடு படுக்காதே, குழந்தைக்குச் சளி பிடித்தால் உடனே டாக்டரிடம் காட்டு. நீங்கள் இருவரும் நோயின்றி நீண்டநாள் வாழ வேண்டும். டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள் அம்மா, சொல்லிவிட்டேன். நீ எடு. பாக்கியிருப்பது க்ளாடின் என்ற புரதத்துக்கான சோதனை. எடுத்த சதை முதல் இரண்டுக்கே தீர்ந்துபோனதால் திரும்பவும் குழாய் விட்டு எடுத்தார்கள். அது இருந்து மருந்து சேர்த்தாலும் ஆயுளில் கூடப்போவது சில மாதங்கள்தான் என்கிறார் டாக்டர் பே. முடிவு அடுத்த வியாழன் மதியம் வரும். அதற்குக் காத்திராமல் புறப்படு.

உன் அப்பா,
சா பியொங்தே