பெப்பியின் முதுகும் ஐந்து முப்பத்தெட்டும்

28 யூன் 2025, சனி

சுவிஸ் துன் ஏரிக்கரையில் எங்கள் தமிழ் ஆட்களின் ஒன்றுகூடல். வந்தவர்கள்: பெரியவர்கள் பதினாறு, ஒழுங்கு செய்த தயாநிதி அண்ணையையும் சேர்த்து. பிள்ளைகள் பன்னிரண்டு. கழுதைக்காரி ஃப்றௌ (திருமதி) கெர்பர். கழுதைகள் மூன்று: லோட்டி, மாக்ஸ், பெப்பி. என் வீட்டுக்காரர் வரவில்லை, இவருக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை.

வேலியில் பலகை மாட்டியிருந்தது: நாற்பது கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. கீழே தராசு. வந்தவர்களின் பட்டியலில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஃப்றௌ கெர்பர் கொப்பியை என்னிடமே தந்தார். பெயர், நிறை, எந்தக் கழுதை, எத்தனை சுற்று.

முதலாவதாகச் சுகந்தி வந்தாள், மகனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. "ஆக்களுக்கு முன்னாலை பிள்ளையை நிறுக்கிறதோ அக்கா? நாவூறு படும். நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ." காதுக்குள் சொன்னாள்: முப்பத்தெட்டு.

மற்றத் தாய்மாரும் அப்படியே. தராசில் ஒரு பிள்ளையும் ஏறவில்லை. ஃப்றௌ கெர்பர் கயிறும் கையுமாக அங்கே நின்றார், பார்க்கவில்லை.

கடைசிச் சுற்றில் பெப்பி முன்னங்கால் மடித்து அப்படியே இருந்துவிட்டது. எழும்பவில்லை. மேலே இருந்தது என் மகள் அக்‌ஷயா.

தயாநிதி அண்ணை பகிடி விட்டார்: "பிள்ளை ஏறக் கழுதை விழுந்து கும்பிடுது!" எல்லாரும் சிரித்தார்கள். அக்‌ஷயா சிரிக்கவில்லை.

29 யூன், ஞாயிறு

அக்‌ஷயா சாப்பிட்டது இடியப்பம் ஒன்று. அதுவும் பாதி. பதினொரு வயதுப் பிள்ளை.

30 யூன், திங்கள்

அக்‌ஷயா கேட்டாள்: "அம்மா, நான் சரியான பாரமோ?"

இல்லையடி என்றேன். அவளுடைய பெயருக்கு நேரே நான் என்ன எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்?

2 யூலை, புதன்

ஃப்றௌ கெர்பர் தொலைபேசி எடுத்தார். நான் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்துப் படித்த ஜேர்மன், அவர் அழுதால் பாதிதான் விளங்கும். மூன்று தரம் சொல்லச் சொன்னேன்.

ஏரிக்கரையில் போன யாரோ பெப்பி விழுந்ததைப் படம் எடுத்து மிருகநல அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வைத்தியர் வந்து பார்த்தாராம். முதுகுத் தசை வீங்கியிருக்கிறது. கொப்பியையும் பார்த்தாராம். எல்லாப் பிள்ளைகளும் நாற்பதுக்குள். அப்படியென்றால் மிருகத்துக்கு முதலே நோய் வருத்தம் இருந்திருக்க வேண்டும், வருத்தத்தோடு வேலை வாங்கியிருக்கிறீர்கள் என்றாராம். சவாரி நிறுத்தம். பதினோராம் திகதி முடிவு சொல்வார்கள். அனுமதி போகலாம்.

"அன்று காலையில் நானே அதன் முதுகைத் தடவிப் பார்த்தேன்" என்றார். "ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் உங்கள் கணக்குச் சரி. அப்போ நான்தான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டேன்."

உங்கள் கணக்குச் சரி.

முருகா.

3 யூலை, வியாழன்

ஒன்றுகூடல் கணக்குக்காக அன்றைக்கு நான் எடுத்த கொப்பியின் நகலை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு பெயர். அதில் ஐந்து பேர் முப்பத்தெட்டு கிலோ. ஒருவர்கூட முப்பத்தொன்பது இல்லை, நாற்பது இல்லை. அரிசி அளந்தாலே இரண்டு சுண்டு ஒரேமாதிரி வராது. எழுதும்போது எனக்குத் தெரியாதா? தெரியும். ஐந்தாவது முப்பத்தெட்டு யாருடையது? அக்‌ஷயாவுடையது. அதை ஒருவரும் என் காதுக்குள் சொல்லவில்லை. நானே எழுதினேன். இரண்டு சுற்று, இரண்டும் பெப்பியில். சின்னக் கழுதை வடிவு என்று அவள் கேட்டாள்.

உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று தயாநிதி அண்ணையிடம் கதைத்தேன். "விசர்க்கதை கதையாதையுங்கோ தங்கச்சி. கொப்பி சரியாத்தானே கிடக்கு? வாயைத் திறந்தா அடுத்த வருசம் எங்களை ஏரிக்கரைப் பக்கம் விடமாட்டாங்கள். அந்த மனுசி சுவிஸ்காரி, எப்பிடியும் சமாளிக்கும்."

அந்த மனுசிக்கு அந்த மூன்று கழுதைகளையும் விட்டால் யார் இருக்கிறார்கள் என்று அண்ணைக்குத் தெரியுமோ?

4 யூலை, வெள்ளி

விரதம். விளக்கேற்றினேன், தேவாரம் பாதியில் மறந்துபோனது. இருபது வருடம் பாடுகிற தேவாரம்.

குளியலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். முதலில் நான் ஏறினேன், சத்தமாக வாசித்தேன்: எழுபத்தாறு. அக்‌ஷயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் ஏறினாள். நாற்பத்தேழு.

"அப்ப என்னாலைதான் பெப்பி விழுந்தது."

"இல்லை. நீ வளருற பிள்ளை, உன்ரை நிறை சரி. கழுதையிலையும் பிழை இல்லை. அம்மா எழுதினதுதான் பிழை."

"சாமியறையிலை வைச்சுச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன்.

5 யூலை, சனி

சுகந்தி வீட்டுக்குப் போனேன். தயாநிதி அண்ணை முதலே சொல்லிவிட்டார் போல, வாசலிலேயே தொடங்கிவிட்டாள்: "ஒரு கழுதைக்காக என்ரை பிள்ளையை ஊரெல்லாம் குண்டன் எண்டு சொல்ல வைக்கப்போறியளோ? உங்களுக்கு வேற வேலை இல்லையோ அக்கா?"

"உன்ரை பிள்ளையின்ரை பேர் எழுதமாட்டன். என்ரை பிள்ளையின்ரை பேர் மட்டும்தான். மற்றவை எல்லாம் வாயாலை சொன்ன நிறை, நான் நிறுக்கேல்லை எண்டு எழுதுவன்."

கதவைச் சாத்தினாள். தேத்தண்ணிகூடத் தரவில்லை.

இவரிடம் சொன்னேன். தலையைச் சொறிந்துவிட்டு, "எழுது. ஆனா கெதியா எழுது, பதினோராந் திகதிக்கு முதல் போகவேணும்" என்றார்.

6 யூலை, ஞாயிறு

காலையில் சுகந்தியிடமிருந்து ஒரு படம். எழுத்து ஒன்றும் இல்லை. தராசு, அதன்மேல் இரண்டு சின்னப் பாதங்கள், நடுவில் இலக்கம்: 46.

பின்னேரத்துக்குள் இன்னும் இரண்டு தாய்மார் அனுப்பினார்கள், இரண்டும் நாற்பதுக்கு மேல். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்‌ஷயா மத்தியானம் இரண்டாம் தரம் சோறு கேட்டாள்.

7 யூலை, திங்கள்

ஜேர்மனில் எழுதி, அகராதி வைத்துத் திருத்தி, ஃப்றௌ கெர்பருக்கும் அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி தபாலில் சேர்த்தேன். என் நினைவுக்காகத் தமிழில்:

"மதிப்புக்குரிய ஃப்றௌ கெர்பர், நீங்கள் எதையும் கவனிக்காமல் விடவில்லை. அன்றைக்குத் தராசில் ஒரு பிள்ளையும் ஏறவில்லை. ஆட்களுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தால் நாவூறு படும் என்று நாங்கள் பயந்தோம். தாய்மார் சொன்னதை நான் எழுதினேன். என் மகளுக்கு நானே குறைத்து எழுதினேன். அவளுடைய நிறை 47, இரண்டு சுற்றுப் போனாள். இன்னும் மூன்று பிள்ளைகள் நாற்பதுக்கு மேல், அவர்களுடைய சரியான நிறை, பெயர் இல்லாமல், கீழே இருக்கிறது. பிழை என்னுடையது. எங்கே வந்து சொல்ல வேண்டுமென்றாலும் வந்து சொல்வேன்.

பெப்பி எழும்பி நடக்கிறதா? வருகிற சனிக்கிழமை தொழுவம் கழுவ நானும் மகளும் வரலாமா? ஏறுவதற்கு அல்ல. தயவுசெய்து கெதியாகப் பதில் எழுதுங்கள்."