தள்ளிவைத்த சொற்கள்

திங்கள், 2 மார்ச் 98

வெயில். ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டை. ஆபீஸ் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரக் காணோம்.

தோட்டம் கை மாறுகிறது. செண்டாயான் பக்கம் வீடு கட்டப்போகும் கம்பெனிக்கு. மாத முடிவுக்குள் ஆபீஸ் காலி. பழைய காகிதம் அறுபத்திரண்டு பெட்டி. வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்க வேண்டுமாம். யார் கழிப்பது? வேறு யார், ஆபீஸ் குமாஸ்தாவான இந்தக் கிராணி சரசுதான்.

ஜனவரியிலிருந்து இதே வேலை. ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு வரிச் சுருக்கம், ஆங்கிலத்தில், கணினியில்; இங்கே மட்டும் தமிழில் எழுதுகிறேன். கூடவே பெட்டி எண். ஏதாவது சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் இருக்கும் காகிதங்களைக் காட்டும். அந்த நிரலை எழுதியதும் நான்தான். சிரம்பான் ராசாவில் ஆறு மாதம் சனிக்கிழமை வகுப்புக்குப் போனது வீண் போகவில்லை.

இன்று சோதனை. “தண்ணீர்” என்று தட்டினேன். முதலில் வந்தது பந்தல் போட அனுமதி கேட்ட கடிதம். அதன் சுருக்கத்தில் தண்ணீர்ப்பந்தல், குடிதண்ணீர் என்று தண்ணீர் மூன்று தடவை. தொழிலாளர் லயத்தில் நான்கு நாள் குழாய் வறண்டு பெண்கள் ஆபீஸ் வாசலில் குடத்தை உருட்டினார்களே, அந்தப் புகார் வரவே இல்லை. அதில் “பம்ப் பழுது, தொட்டி காலி” என்று இருக்கிறது. தண்ணீர் என்ற சொல்லே இல்லை!

கணினி மேல் தப்பில்லை. அது எழுத்தைப் பார்க்கிறது. விஷயத்தை நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகச் சேர்த்தேன்: தண்ணீர் – பம்ப் – தொட்டி – கிணறு – குழாய். விபத்து – விழுந்தார் – கால் முறிவு – ஆஸ்பத்திரி. ஒன்றைத் தேடினால் உறவுக்காரர் எல்லாரையும் தேடும்.

மறுபடி “தண்ணீர்”. பம்ப் கடிதம் முதல் இடம். எழுந்து நின்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

வாங்க: சோப்பு, நெத்திலி, பேனா மை.


புதன், 4 மார்ச்

அதே வெயில். தொண்டை கரகர.

புதுத் தலைவலி. எதைத் தேடினாலும் கோயில் காகிதம் வந்து முன்னால் நிற்கிறது. நிற்காமல் என்ன செய்யும்? இந்தத் தோட்டத்தில் லீவு கேட்டால் கோயில், பலகை கேட்டால் கோயில், லாரி கேட்டால் கோயில்.

எல்லாக் காகிதத்திலும் இருக்கும் சொல்லால் ஒரு காகிதத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியாது. வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். தள்ளிவைக்கும் பட்டியல் ஒன்று போட்டேன்: தோட்டம், தொழிலாளி, துரை, லீவு, கோயில், திருவிழா, விரதம், தீமிதி. இனி இவற்றைத் தட்டினாலும் கணினி காதில் வாங்காது.

என்ன சுத்தம்! கூட்டிப் பெருக்கின வாசல் மாதிரி ஆகிவிட்டது திரை.

மேனேஜர் வந்து பார்த்தார். தொழிலாளிகளுக்கு இன்னும் துரை, எனக்கு சார். “இத யாரு செஞ்சு குடுத்தா, சரசு?”

“நான்தான் சார்.”

“இல்ல, புரோகிராம்?”

“அதான் சார், நான்தான்.”

முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கோயில் பெட்டிகளுக்கெல்லாம் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி. 28, 30, 31, 44, இன்னும் பல. கழிக்க.


திங்கள், 9 மார்ச்

காலையில் லாரி வந்து குறி போட்ட பெட்டிகளை ஏற்றிப் போனது. முதல் நடை, பதினேழு. ஆபீஸில் நடக்க இடம் கிடைத்தது.

ரப்பர் பால் நிறுத்து முடிந்ததும் அஞ்சலைக்கா வந்தார். மூன்றாம் லயம். புருஷன் தவறி ஆறு வருடம், மகள் ஒருத்தி. சட்டையெல்லாம் பால் கறை, அப்படியே வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டேன்.

விஷயம் இது. புதுக் கம்பெனி தோட்டத்து ஆட்களுக்கு மலிவு விலையில் வீடு தருகிறது. நீல ஐ.சி., அதாவது குடிமக்கள் அடையாள அட்டை, இருந்தால்தான் மனு. அக்காவுக்குச் சிவப்பு, நிரந்தரவாசி மட்டும். இங்கேயே பிறந்தவர், ஆனால் பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. லயத்தில் மருத்துவச்சி பார்த்த பிரசவம், யார் போய்ப் பதிவது? பதிவு இலாகாவில் இரண்டு தடவை திருப்பி அனுப்பியாயிற்று. 20ஆம் தேதி மூன்றாவது நேர்காணல். இங்கே பிறந்ததற்கு அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றாவது வேண்டுமாம்.

“ஒன் கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்காமே. என்னையத் தேடிக் குடு லா, சரசு.”

“ரெண்டு நிமிஷம் இருங்கக்கா. அப்பா பேரு?”

“மாரிமுத்து. நா பொறந்தது மலாயா சுதந்திரத்துக்கு மறு வருசம். அந்த வருசம் பங்குனியில எங்கப்பா தீ மிதிக்க வேண்டியது. காப்பெல்லாம் கட்டி மஞ்சத்துணியோட நிக்கிது, நா வந்து பொறந்துட்டேன். தீட்டாப் போச்சு, எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. சாவுற மட்டும் சொல்லிக் காட்டும். ஒன்னாலதாண்டி அம்மனுக்கு நேந்தது கொறையாப் போச்சுன்னு.”

“சரிக்கா, சரிக்கா. வருஷம் 58?”

தட்டினேன்: மாரிமுத்து, அஞ்சலை, பிறப்பு, 58. பதினோரு காகிதம். மாடு கன்று ஈன்றது. வேறு மாரிமுத்துவின் சைக்கிள் லைசென்ஸ். பிறப்பு, இறப்பு அறிவிக்கும்படி அரசாங்கச் சுற்றறிக்கை. அக்கா இல்லை.

“இல்லக்கா” என்றேன். கணினி இல்லை என்றால் இல்லைதான் என்கிற மாதிரி.


செவ்வாய், 10 மார்ச்

மறுபடி தேடினேன். பிறப்பு – பிரசவம் – குழந்தை – மருத்துவச்சி – தொட்டில், குடும்பமே சேர்த்து. ஒன்றுமில்லை. தோட்டத்து மருந்துக்கொட்டகைப் புத்தகம் 58? கரையான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பதிவு 61லிருந்துதான்.

அக்கா பால் ஸ்டோரிலிருந்து எட்டிப் பார்த்துக் கையை ஆட்டிக் கேட்டார், என்ன என்று. நானும் கையை ஆட்டினேன், இல்லை என்று. தலையை ஆட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.


வியாழன், 12 மார்ச்

சாயந்திரம் துணி அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தொட்டியில் இரண்டு பேர் பங்குனித் திருவிழாப் பேச்சு. “இந்த வருசம் யாரு யாரு தீ எறங்குறா?”

கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது.

அக்கா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வருடம், மாதம், காரணம், அப்பா என்ன செய்யவிருந்தார், ஏன் செய்யவில்லை. நான் அதைக் கதை என்று தள்ளிவிட்டு நாலு சொல்லைப் பொறுக்கித் தட்டியிருக்கிறேன். கணினிக்குப் புரியவில்லை, விஷயத்தை நான் சொல்லித் தர வேண்டும் என்று போன வாரம் எழுதின மகராசி நான்தான்!

ஈரக் கையோடு ஆபீஸுக்கு ஓடினேன். மூட இன்னும் அரை மணி. தள்ளிவைத்த பட்டியலைத் தூக்கினேன். தட்டினேன்: தீமிதி, விலகல், தீட்டு, 58.

இரண்டாவதாக வந்தது. ஜனவரியில் நானே அடித்த சுருக்கம்: “தீமிதிப்போர் லீவுப் பட்டியலில் மாற்றம். எண் 117 விலகல், குடும்பத்தில் தீட்டு. பதிலுக்கு எண் 92.” பிறப்பு என்ற சொல் இல்லை. மாரிமுத்து என்ற பெயரும் இல்லை, எண்தான். பழைய பெரட்டுப் பேரேட்டை, காலை ஆள் கணக்குப் புத்தகத்தை, எடுத்துப் பார்த்தேன். 117, மாரிமுத்து, மூன்றாம் லயம்.

பெட்டி 31.

31க்குச் சிவப்புக் குறி போட்டது யார்? திங்கட்கிழமை லாரியில் ஏற்றிவிட்டது யார்?

சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஆபீஸுக்கு வந்த பத்து வருடத்தில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.


வெள்ளி, 13 மார்ச்

மேனேஜரிடம் லீவு கேட்டேன். காரணமும் சொன்னேன், மறைக்கவில்லை. பழைய காகிதம் சிரம்பான் தெமியாங்கில் ஒரு கடைக்குப் போனதாம். சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அக்காவை வழியிலேயே பிடித்தேன். நின்றபடியே சொல்லிவிட்டேன். “காயிதம் இருந்துச்சுக்கா. நான்தான் வேணாம்னு தூக்கிப் போட்டேன். மன்னிச்சிருங்க.”

“நா அன்னிக்கே சொன்னேன்ல? நீ காது குடுத்தா கேட்ட? கைதான தட்டிக்கிட்டு இருந்துச்சு.” அவ்வளவுதான். பிறகு, “பஸ் எத்தன மணிக்கு?”

பஸ்ஸில் டிக்கெட்டை அவரே எடுத்தார், என்னை எடுக்க விடவில்லை. அது இன்னும் உறுத்தியது.

கடை. முதலாளி சீனர், பனியனோடு. கூரை முட்ட மூட்டை. “தோட்டத்துப் பேப்பரா? பெட்டி எல்லாம் பிரிச்சாச்சு லா. நாளைக்கு ஃபேக்டரி லாரி வருது.”

பெட்டி போனால் எண்ணும் போயிற்று. இனி எண் பார்த்துத் தேட முடியாது. என்ன காகிதம் எதோடு சேரும் என்று யோசித்துத்தான் தேட வேண்டும். முதலாளியிடம் கெஞ்சி ஒரு மூலையில் உட்கார்ந்தோம். நாங்கள் கட்டிய கோப்பெல்லாம் பச்சைக் கயிறு. அக்கா பச்சைக் கயிறாகப் பொறுக்கிப் போட, நான் மேல் தாளைப் பார்த்தேன். பெரட்டு, வேண்டாம். உரம், வேண்டாம். பந்தல் மூங்கில், சரி, திருவிழாக் கட்டு பக்கத்தில்தான். மேளக்காரருக்கு லாரி, அதே கட்டு. அடுத்தது, அடுத்தது.

இரண்டரை மணி நேரம். தும்மல், தாகம். முதலாளி பிளாஸ்டிக் பையில் கட்டின இரண்டு ஐஸ் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

கிடைத்தது. ஓரம் ஈரம், எழுத்துக்குச் சேதமில்லை. தேதி 9 ஏப்ரல் 1958. கோயில் தலைவர் சார்பில் அன்றைய கிராணி ஆங்கிலத்தில் தட்டியது. அக்காவுக்கு அப்படியே தமிழில் வாசித்தேன்:

“மூன்றாம் லயம், எண் 117 மாரிமுத்துவின் மனைவிக்கு நேற்று முன்தினம் லயத்து வீட்டில் பெண் குழந்தை பிறந்தபடியால், எங்கள் வழக்கப்படி அவர் முப்பது நாள் கோயிலுக்குள் வரக் கூடாது. ஆகவே அவருக்குத் தந்த லீவை எண் 92க்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.” கீழே துரை கையெழுத்து. தோட்டத்து முத்திரை.

பிறந்தபடியால்! கடிதத்தில் சொல்லே இருக்கிறது. அதைத் “தீட்டு” என்று சுருக்கியதும் நான்தான்.

அக்கா தாளை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “எங்கப்பன் தீ மிதிக்காததுக்கு இத்தன பெரிய காயிதமா!” சிரிப்பும் அழுகையும். நானும் அழுதேன். முதலாளி எங்களைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டார்.

திரும்பும்போது டிக்கெட் நான் எடுத்தேன். விட்டார்.


திங்கள், 16 மார்ச்

லேசாகத் தூறல். நாலு சொட்டு.

மேனேஜர் நகலுக்கு முத்திரை வைத்துக் கொடுத்தார். பெரட்டுப் பேரேட்டில் 117 இருக்கும் பக்கத்துக்கும்.

நிரலைத் திருத்தினேன். எந்தச் சொல்லையும் இனி அடியோடு தள்ளுவதில்லை. எல்லாக் காகிதத்திலும் வரும் சொல்லுக்குக் கனம் குறைவு, அபூர்வமாக வரும் சொல்லுக்குக் கனம் அதிகம். கோயில் மட்டும் வந்தால் லேசு. கோயிலோடு தீட்டும் விலகலும் சேர்ந்து வந்தால் கனம். எண்ணையும் பெயரையும் உறவாக்கினேன். அப்புறம் எனக்கு ஒரு விதி: ஆள் பேசி முடிக்கும் வரை விசைப்பலகையைத் தொடக் கூடாது.

நன்றாகத்தான் வேலை செய்கிறது. சொன்னால் பீற்றல், ஆனால் சிரம்பான் நகரத்தில் இணையக் கடையில் காட்டுகிறார்களே, உலகத்தையே தேடும் பக்கங்கள், அவையும் என் பழைய நிரல் மாதிரிதான். எந்தப் பக்கத்தில் சொல் அதிகமோ அதைத் தூக்கி முன்னால் வைக்கின்றன. ஒரு நாள் அவற்றுக்கும் புத்தி வரும். எனக்கு முதலில் வந்துவிட்டது.

பெருக்கல் குறி போட்டு இன்னும் போகாத பெட்டி ஆறு. எல்லாவற்றையும் துடைத்தேன். முதலிலிருந்து பார்க்க வேண்டும். முதுகு ஒடியும், ஒடியட்டும்.


வெள்ளி, 20 மார்ச்

காலை எட்டு, பதிவு இலாகா. அக்கா நீலச் சேலை, தலை நிறையப் பூ. நகல், மூலம், பேரேட்டுப் பக்கம், சிவப்பு ஐ.சி. எல்லாம் என் பையில். எங்கள் எண் 46.

அதிகாரி மலாய்க்காரப் பெண், கண்ணாடி. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முப்பது நாள் ஏன் கோயிலுக்குப் போகக் கூடாது என்று கேட்டார். வாயைத் திறக்கப் போனேன். என் விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். அக்காவே மலாயில் சொன்னார். குழந்தை பிறந்த வீடு, எங்கள் வழக்கம், அப்பா காப்பு கட்டியிருந்தார், அம்மனுக்கு நேர்ந்தது குறையாகப் போயிற்று. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். தலையை ஆட்டினார். உள்ளே போய்ப் பெரியவரிடம் காட்டிவிட்டு வந்தார். காகிதம் போதுமாம். தாமதப் பதிவுக்கு எழுதிக்கொள்வார்களாம். பிறப்புப் பத்திரம் வரும், அதை வைத்து நீல ஐ.சி. வீட்டு மனுவோடு இன்றைய ரசீதையே இணைக்கலாமாம்.

புது விண்ணப்பப் பாரம் எடுத்தார். “தாரிக் லாஹிர்?” பிறந்த தேதி.

அக்கா யோசிக்கவே இல்லை. “சத்து ஜனவரி.” காகிதம் இல்லாதவர்கள் எல்லாரும் ஜனவரி ஒன்றில்தானே பிறக்கிறார்கள். சிவப்பு ஐ.சி.யிலும் அதுதான்.

அதிகாரி இல்லையென்று கையை ஆட்டினார். கடிதத்தை எங்கள் பக்கம் திருப்பி, தேதியில் விரலை வைத்து, இரண்டு நாள் பின்னால் எண்ணினார். ஏப்ரல் ஏழு. எழுதினார். முத்திரை. ரசீது.

அக்கா ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப எனக்கு இன்னும் நாப்பது ஆவலயா, சரசு?”

“ஆவலக்கா. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு.”

சிரித்தார். அப்புறம் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். 47ஐக் கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.