சஹனில் எனக்கொரு பக்கம்

என் உயிர் அண்ணனுக்கு, சலாம்.

நீ மௌத்தாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. உன் பெண்டாட்டி நயீமா வந்திருக்கிறாள், நம் மூலக்குளம் வீட்டுக்கு முதல்முறையாக. இப்போது உன் அறையில் மத்தியானத் தூக்கம். நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவள் அவள். உன்னை அந்தப் பிரெஞ்சு மண்ணிலேயே வைத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது, போனைப் பிடித்துக்கொண்டு அத்தா அழுத சத்தம் மட்டும்தான். அதோடு விட்டாளா? ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப்பிடித்து, "இன்னாடி, நல்லாக்கிறியா?" என்றாள். உன் இழுப்பு அப்படியே இருந்தது. நீ எனக்கு மட்டும் வைத்திருந்த 'இன்னாடி'யை அவளுக்கு ஏன் கற்றுக்கொடுத்தாய்?

நம் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்ததால் நமக்கு இரண்டு பேருக்குமே பிரெஞ்சுக் குடியுரிமை. ஆனால் உன் பாஸ்போர்ட்டைக் கொடுத்து உன்னை வேலைக்கு அனுப்பினார்கள். என் பாஸ்போர்ட்டைக் காட்டி எனக்கு மாப்பிள்ளை தேடினார்கள். வந்தவனெல்லாம் என் முகத்தைப் பார்க்கும் முன்னே விசாவுக்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டான். முடியாது என்றேன். வாயாடி என்று பெயர் கிடைத்தது. நீ அங்கே ஓட்டலில் பாத்திரம் கழுவினாய், அதே ஓட்டலில் சமைத்துக்கொண்டிருந்த மொராக்கோ பெண்ணைக் கட்டிக்கொண்டாய்.

வெள்ளிக்கிழமைகளில் பிரவுசிங் சென்டரில் வெப்கேம் முன்னால் உனக்காக உட்கார்ந்திருப்பேன். நீ வந்ததும் கூஸ்கூஸ் கதைதான். மொராக்கோவில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் எந்த வீட்டிலும் அதுதான் சாப்பாடு, பள்ளிவாசலில் இருக்கும் ஏழைகளுக்கும் ஒரு தட்டு போகும் என்பாய். "என் தால்ச்சா மாதிரி வருமா?" என்று கேட்பேன். நழுவிவிடுவாய். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அதனால்தான் உன் வருஷ பாத்திஹா ஓதிப் போடும் சாப்பாட்டை நானே சமைப்பது என்று வைராக்கியமாக இருந்தேன். நெய்ச்சோறு, கறி, தால்ச்சா. இனி உனக்கென்று என் கையால் செய்ய வேறு என்ன இருக்கிறது?

அண்ணி பெட்டியைத் திறந்தாள். துணிமணிக்கு நடுவில் ஒரு பெரிய குண்டான், அதன் தலையில் உட்காரும் ஓட்டைச் சட்டி. "அன்வருக்கு கூஸ்கூஸ் நான் செய்றேன்" என்றாள்.

"எங்கண்ணன்" என்றேன்.

"எம்புருஷன்" என்றாள்.

அத்தா நடுவில் வந்தார். "தூரத்துலேந்து வந்த புள்ள. அதுவே செய்யட்டும்மா." நான் தோற்றேன்.

ரவையைப் பார்த்ததும் பெரியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாது, உப்புமாவா? வருஷ பாத்தியாவுக்கு உப்புமா போட்டா நாளைக்கு எவன் இந்த வூட்ல சம்பந்தம் பேசுவான்?"

"பேச வேணாம் பெரிம்மா. வந்தவனுங்க பேசுனதே போதும்."

அண்ணி பெரிய தாம்பாளத்தில் ரவையைக் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் வட்டம் வட்டமாக உருட்டினாள். மணிமணியாகத் திரண்டது. அடிக் குண்டானில் கறியும் பூசணியும் நூக்கோலும் கொண்டைக்கடலையும் கொதிக்க, அந்த ஆவியில் மேலே மணிகள் வெந்தன. எடுத்துக் கொட்டி, உதிர்த்து, தண்ணீர் தெளித்து மறுபடி ஏற்றினாள். பிறகு மறுபடியும். இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் ஆவி போகாமல் மாவில் நனைத்த துணியைச் சுற்றினாள், பிரியாணி தம்முக்கு நாம் மாவு ஒட்டுகிற மாதிரியே. எனக்கு எரிச்சல் ஏறியது. நம்முடையது என்று ஒன்றைக்கூட விட்டுவைக்க மாட்டாளா?

குத்திப் பார்க்கலாமே என்று, "பீச் பக்கம் ஓட்டல்ல இத பிரெஞ்சு சாப்பாடுன்னு போட்டு விக்கிறாங்க" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "பிரெஞ்சா? எங்க மலை ஜனம் உருட்டினது. அரபுக்காரன் வர்றதுக்கு முன்னே. பிரெஞ்சுக்காரன் வந்தான், சாப்ட்டான், அவன் பேர் போட்டான்."

அவள் பேசியதில் எனக்குப் பிடித்த முதல் பேச்சு அது. காட்டிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு சஹன் தட்டிலும் மணிகளை மேடாகக் குவித்து, நடுவில் கறியைப் புதைத்து, மேலே காய்களை அடுக்கி, வதக்கிய வெங்காயமும் திராட்சையும் போட்டாள். சஹனைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து சாப்பிட ஆண்களுக்கு மாடியில் பந்தல். அவர்கள் முடித்த பிறகுதான் நாங்கள். எந்த விசேஷத்திலும் சமைத்தவளுக்குக் குழம்பும் எலும்பும்தானே மிஞ்சும், உனக்குத் தெரியாததா?

சஹன்கள் இறங்கி வந்தன. ஓரமெல்லாம் காலி. நடுவில் மேடு அப்படியே நின்றது. பின்னாலேயே அத்தா வந்தார், முகம் கறுத்து. "ஏம்மா, ஒரு துண்டு கறிகூட போடலியா? வெறும் காயா அனுப்பிட்டீங்க. மேல எல்லாரும் சிரிக்கிறாங்க."

அண்ணி விழித்தாள். பிறகு புரிந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவள் ஊரில் நடுமேட்டில் யாரும் கை வைக்க மாட்டார்களாம். அவரவர் பக்கத்தைச் சாப்பிட்டு வர, வீட்டுப் பெண் மேட்டைத் திறந்து, கறியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளுவாளாம். நம் வீட்டில் அந்தப் பெண் மாடிப்படி ஏறக் கூடாதே! நம் ஆட்களும் அவரவர் முன்னால் இருந்ததை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். கறி கண்ணில் பட்டால்தானே கை நீளும்?

"அப்ப இத மேல எடுத்துட்டுப் போவட்டுமா?" என்றார் அத்தா.

"கை கழுவுனவங்களுக்கு எச்சி சஹன எடுத்துட்டுப் போவாங்களா? போங்க, போயி வெத்தல பாக்கு குடுங்க" என்று பெரியம்மா விரட்டினாள். உப்புமா என்று கத்தியவள்தான் முதலில் சம்மணம் போட்டாள்.

அண்ணி மேட்டைத் திறந்து கறியைப் பிய்த்தாள். இருப்பதிலேயே பெரிய துண்டை என் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்று திருப்பித் தள்ளினேன்.

"இது உன் பக்கம்" என்றாள். "வெள்ளிக்கிழமை நாங்க ரெண்டு பேர், ஒரு தட்டு. அன்வர் ஒரு பக்கம் தொட மாட்டான். அது தங்கச்சி பக்கம்னுவான். நல்ல கறி அங்க தள்ளுவான். சமைக்கிறது நான், கறி உனக்கு! உன்ன பாக்கறதுக்கு முன்னாடியே எனக்கு உன்னப் பிடிக்கல."

பெரியம்மாவின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"அப்புறம் அந்தக் கறிய யாரு தின்னது?" என்று கேட்டேன்.

"நான்தான். கோவத்துல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். அந்த வெப்கேமில் எத்தனை கதை அளந்தாய், இதை மட்டும் ஏன் சொல்லவில்லை அண்ணே?

என் பக்கத்தை வழித்துச் சாப்பிட்டேன். என் தால்ச்சாவைவிட நன்றாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கு எப்படி எரிகிறது தெரியுமா?

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கும் இருந்தது என்பதால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அடுத்த வருஷ பாத்திஹாவில் முதல் சஹன் மாடி ஏறாது. சமைத்தவர்கள்தான் முதலில் உட்காருவோம். அத்தா கத்துவார், ஜமாத்தில் பேசுவார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணி வந்தால் அவள் பக்கம் கறியை நானே தள்ளுவேன். சின்னத் துண்டாகப் பார்த்து.

இப்படிக்கு,
உன்னில் பாதிக்கு மேல் தனக்கே வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்
தங்கச்சி ஜரினா