பெயரைச் சுரண்ட மாட்டேன்

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நாக்பூரில் நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பதறுவாய் என்று இதை நம்மூர் லாரியில் கொடுத்தனுப்புகிறேன்.

நான் வேலைக்கு லாரி யார்டுக்குப் போய்வரும் கார்பன் சைக்கிளின் பிரேம், பெடல் அருகே விரிசல் விட்டுவிட்டது. விழுந்ததில் முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

வாழ்நாள் வாரண்டி என்று சொல்லி விற்ற சேலம் சூரமங்கலம் சைக்கிள் கடைக்காரர் சபரிநாதனுக்குப் போன் செய்தேன்.

"பிரேம்ல பேரு எழுதியிருக்கீங்க. பெயிண்ட் அடிச்சா வாரண்டி செல்லாதுங்க."

"லாரிக்கு எழுதற பெயிண்டரைக் கூட்டியாந்ததே நீங்கதானுங்க! 'சௌந்திரம் துணை'ன்னு எழுதுனதும் ஜோரா இருக்குதுன்னு போட்டோ புடிச்சீங்களே?"

"அதை வெளிய சொல்லாதீங்க. பேரைச் சுரண்டிட்டு அனுப்புங்க, கம்பெனிகிட்ட பேசிப் பாக்கறேன்."

நம் ஊர்க்காரர் என்று நம்பி வேறு கடைப் படியே ஏறாமல் வாங்கினேன். விரிசல் கீழே, உன் பெயர் மேல் குழாயில். பெயிண்ட் எப்படி இறங்கி வந்து உடைக்கும்? நுகர்வோர் சட்டத்தை நானே படித்துவிட்டேன். சேலத்தில் வழக்குப் போடுவேன். விட்டுவிடச் சொல்லி எழுதாதே.

பீரோவில் இருக்கும் பில்லை இதே லாரியில் அனுப்பு. கூடவே கொள்ளுப்பொடி, ராசிபுரம் நெய், நீ போர்த்தும் பழைய போர்வை. துவைக்க வேண்டாம்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். சுரண்டினால் புது பிரேம் கிடைக்கலாம். மாட்டேன். தினமும் அந்தப் பெயர்மேல் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு, வேலைக்கு நடந்தே போகிறேன்.

உன் கணவன் சென்னிமலை