காலி வண்டி

என்னவனுக்கு,

காரை விற்றதிலிருந்து உன் பிக்கப் டிரக்கைத்தான் ஓட்டுகிறேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் பின்பக்கம் துள்ளுகிறது. வயிற்றில் பிள்ளையும் துள்ளுகிறது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து, தீவனக் கடை வெர்னாவிடம் காட்டினேன்.

"காலி வண்டி குதிக்கத்தான்டி செய்யும்! பின்னால பாரம் போடு. இல்லன்னா உன் புள்ள பருத்திக் காட்டுலயே இறங்கிடும்," என்று சிரித்தவள், தானே நாலு மணல் மூட்டைகளை ஏற்றிவிட்டாள்.

அதன்பின் வண்டி மிதந்தது. இருபுறமும் வெண்பருத்தி மேகம்போல நகர, தரையே இல்லாத இடத்தில் போவதுபோல இருந்தது.

லாபமில்லையென்று நம்மூர்ப் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். இனி பிரசவத்துக்கு லப்பக் நகரம் வரை போகவேண்டும். நீ வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்றில் உனக்கு விடுப்பும் தரமாட்டார்கள். அவர்களுக்கு எண்ணெய் வந்தால் போதும், பிள்ளை எங்கே பிறந்தால் என்ன?

வலி வந்தால் நானே ஓட்டிப் போவேன். பக்கத்து இருக்கையில் மட்டும் எதையும் வைக்கவில்லை; அது உன் இடம்.

உன்னவள்